பொட்டு வைத்துவிட்டுப் போனவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயரைக் கும்பிடுகிறவள் நான், ஆனால் ஆவி, பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நீங்களும் நம்பித்தான் ஆகவேண்டும் என்றில்லை.

என் மாமனார் ராசிபுரம் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவர். கூலி உயர்வு கேட்டு மில் கேட்டை மறித்து உட்கார்ந்தவர்கள் மேல் தடியடி நடந்து, கல் பறந்து, கடைசியில் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போன அன்று காணாமல் போனவர்தான். செத்தவர்களிலும் இல்லை, பிடிபட்டவர்களிலும் இல்லை. என் வீட்டுக்காரர் அப்போது சின்னக் குழந்தை. மில்லை மூடிவிட்டார்கள். அத்தை கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி மகனை வளர்த்தார், பொட்டை மட்டும் அழிக்கவில்லை. அதற்காகவே ஒரு கல்யாணம் காட்சியில்கூட அவரை முன்னால் நிற்க விட்டதில்லை. என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "சாமி, என்னையப் பொட்டோட அனுப்பி வெச்சிரு."

அவர் இறந்த அன்று மத்தியானம், குளிப்பாட்டிப் பந்தலில் கிடத்தியதும் மாமனாரின் தங்கை குங்குமச் சிமிழை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கண்ணன் உசுரோட இருந்தா இத்தன வருசத்துல வந்திருக்க மாட்டானா? வெறும் நெத்தியாத்தான் எடுக்கோணும்."

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "நீ நேத்து வந்தவ, கம்முனு இரு" என்றுவிட்டார்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது, காக்கி டவுசர், தலையிலும் புருவத்திலும் பஞ்சு. ஏதோ மில்லில் ஷிப்ட் முடிந்து அப்படியே ஓடிவந்த சொந்தக்காரர் என்றுதான் நினைத்தேன். அந்தம்மா மடியிலிருந்த சிமிழைத் திறந்து, அத்தை நெற்றியில் கட்டைவிரலால் அழுத்திப் பொட்டு வைத்தார்.

"கேட்டத் தொறக்க லேட்டாயிருச்சு புள்ளே" என்றார், வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டியிடம் சொல்வதைப் போல, மெதுவாக.

அந்தம்மாவின் உதடு "அண்ணா" என்று அசைந்ததைப் பார்த்தேன். அப்புறம் அவர் பொட்டைத் துடைக்கச் சொல்லவில்லை, தன் கையாலேயே பூவும் வைத்தார்.

வெளியே போகும்போது அந்த ஆள், பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். இவர் நரைத்த மனிதர், நல்ல உயரம். இவர் முகத்தை அந்த ஆள் பார்க்கவேயில்லை. குனிந்து, இவர் இடுப்புக்குக் கீழே வெறும் காற்றைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். இவரோ அங்கே யாரும் வரவில்லை என்கிறார், ஆனால் அந்த நேரம் கலைந்த முடியைச் சரிசெய்வதுபோல் தலையைக் கோதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

யாரிடமாவது இதைச் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். மகன் தலையைத் தடவினார் என்று அழகுக்காக மாற்றிவிடாதீர்கள். அந்தக் கை இருந்தது ஒரு குழந்தையின் உயரத்தில்தான்.