ரசமட்டத்தின் கைகள்

தரைக்கு டைல்ஸ் பதிக்கும் அந்தக் கொத்தனாரை எல்லோரும் 'ரசமட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ரசமட்டம் என்பது தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. அந்தக் கருவியே இவரிடம் வந்து, "அண்ணே, நான் சரியாத்தான் காட்டுறேனா?" என்று கேட்டுவிட்டுப் போகுமாம். இரண்டு டைல்ஸ் சேரும் இடத்தில் விரல் நுனியை ஓட்டினால் போதும், தலைமயிர் அளவு மேடும் அவருக்குச் சிக்கிவிடும்.

அந்தக் கைகள்தான் ஆறு மாதமாக வெடித்துக் கிடந்தன. மணிக்கட்டு வரை சிவந்து, தடித்து, ஓயாத நமைச்சல். உள்ளங்கையில் தீக்குச்சி உரசினால் பற்றிக்கொள்ளும் என்றார்கள். நேரில் பார்த்தவர்கள் மூன்று பேர். மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மகள் பிறந்து இரண்டு மாதம். இன்னும் அவளைத் தொடவில்லை. புண் பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டால்? தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

"பிள்ளையைப் பாக்குறீங்களா, பூசுவேலையைப் பாக்குறீங்களா?" என்பாள் மனைவி.

"மூக்கு கொஞ்சம் சாஞ்சிருக்கு."

"உங்க மூக்கு, வேற எப்படி இருக்கும்? தூக்குங்க."

"கை கழுவிட்டு வர்றேன்," என்று போனவர் திரும்பி வரவே மாட்டார்.

ஒரு நாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவரையும் தோல் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

"கையுறை போடுறதில்லையா?" என்றார் டாக்டர்.

கொத்தனார் பெருமையாகப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ரப்பர் கையுறை, பத்து விரல் நுனியும் கத்தரிக்கப்பட்டிருந்தன. "நுனியை மூடினா மட்டம் தெரியாதும்மா."

டாக்டர் அதை உதறினார். மேசை மேல் சாம்பல் நிறத்தில் பொடி கொட்டியது. "சிமென்ட் தண்ணி இந்த ஓட்டை வழியா உள்ள போயிடுது. வெளிய வர வழியில்ல. தினமும் கையை அதுல ஊறப் போட்டிருக்கீங்க."

"குழந்தைக்கு ஒட்டுமா?" என்று கேட்டார் கொத்தனார்.

"சிமென்ட் ஒத்துக்காம வர்ற புண்ணு எப்படிங்க ஒட்டும்? அவளும் கொத்துக் கரண்டி பிடிச்சாத்தான் உண்டு."

மனைவி திரும்பினாள். "இதுக்காகவா? பாவி மனுஷா! பொண்ணு பொறந்தது பிடிக்கலையோன்னு நான் எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?"

அவள் பிள்ளையை அவர் மடியில் வைத்தாள்.

"சொரசொரப்பு கீறிடும்டி."

"கீறினா அழுவா. நான் பாத்துக்குறேன்."

களிம்பு, முழுக் கையுறை, மூன்று வாரம் ஈரச் சிமென்ட் கூடாது என்று டாக்டர் எழுதிக்கொண்டே போனார். கொத்தனார் காதில் எதுவும் ஏறவில்லை. விரல் நுனி மகளின் நெற்றியில் தொடங்கி, மூக்கைத் தாண்டி, கன்னத்துக்கு வந்து நின்றது. பிள்ளை தூக்கத்தில் சிரித்தது.

"என்ன, மட்டமா இருக்கா?" என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சியபடி.

"கன்னத்துல ஒரு குழி இருக்கு," என்றார் அவர். "இருக்கட்டும், விடு."