வேடியப்பன் கல்லடியில் நான்கு முட்டைகள்

கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் இறங்கினால் நடுவே ஒரு மேடு தீவுபோலத் தெரியும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான்; எதற்கெடுத்தாலும் பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி நண்பர்களோடு அங்கே சமைத்துச் சாப்பிடப் பரிசலில் போனேன். இறங்கியதுமே ஓர் ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேல் விடாமல் கத்தியது. பாம்பைப் பார்த்துத்தான் கத்துகிறது என்று பயந்து, அங்கே நின்ற பழைய பலகைக்கல்லின் அடியிலிருந்த புல்லைக் கொளுத்திவிட்டேன்.

பரிசல்காரர் ஓடிவந்து தண்ணீரை ஊற்றினார். கரி வழிந்த கல்லில் வாளேந்திய வீரன் ஒருவனின் செதுக்கிய உருவம் தெரிந்தது.

"எங்க வேடியப்பன் சாமிப்பா இது! தண்ணி எறங்குனா வந்து கும்புடுற எடம்."

"பாம்புன்னு நெனச்சுட்டேண்ணா."

"அந்தக் குருவிக்கு நீதான்டா பாம்பு," என்று சாம்பலைக் காட்டினார். நான்கு முட்டைகள் வெடித்துக் கிடந்தன.

இப்போதும் கம்பெனி வாசலில் ஏதாவது ஓர் ஆட்காட்டி கத்தினால் அப்படியே நின்றுவிடுகிறேன். அடுத்த அடியை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை.