மூடாதே என்று சொல்லிவிட்டுக் கப்பலேறியவர்

எங்கள் ஊரில் அப்பாவுவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது என்பதைத்தான். ஏதோ ஜமீன் பரம்பரை என்று நினைத்துவிட வேண்டாம். திருவாலங்காடு ரயில் நிலையத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் கொஞ்சம் நஞ்சை, ஒரு கிணறு, ஒரு தம்பி. அவ்வளவுதான் அவருடைய ராஜ்யம். குடிமக்கள் குறைவு என்பதால் எல்லா உத்தரவும் தம்பி பூவராகவன் தலையிலேயே விழும்.

பூவராகவன் என்னோடு படித்தவன். அதனால் அவன் இவன் என்றே சொல்கிறேன். தகப்பன் போனபோது நாங்கள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து அண்ணன்தான் அவனுக்கு எல்லாம். எந்த நிலத்துக்கு எப்போது தண்ணீர் கட்டுவது, எந்தப் பெண்ணைக் கட்டுவது, தீபாவளிக்கு என்ன நிறத்தில் சட்டை எடுப்பது என்பது வரைக்கும் அப்பாவு சொல்வார், இவன் செய்வான். இவன் பெண்டாட்டி நர்மதாவும் அவர் பார்த்த பெண்தான். ஒரே ஒரு தடவை கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி வேலைக்கு இவனைக் கூப்பிட்டார்கள். "நீ போய்ட்டா நெலத்த யாரு பாக்கறது?" என்று அண்ணன் கேட்டார். சரிண்ணா என்று வந்து கழனியில் இறங்கிவிட்டான். அண்ணன் கிழித்த கோட்டை அவன் தாண்டியதை நான் பார்த்ததே இல்லை. அப்பாவுவுக்கு அதில் பெருமை. டீக்கடையில் உட்கார்ந்து, "எங்க பூவு இருக்கானே, நான் சொன்னா மீற மாட்டான்" என்பார். கேட்கிறவர்களும் கொடுத்து வைத்த அண்ணன் என்பார்கள். எனக்கு மட்டும் ஏதாவது சொல்ல வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்வேன்.

இந்த ஆவணியில் அப்பாவுவின் மகன் சரவணகுமாருக்கு ஒரு யோகம் அடித்தது. அவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் சூப்பர்வைசர். வருஷம் முழுக்க விபத்தே இல்லாமல் வேலை நடந்ததற்காக, அவனுடைய ஷிப்டில் இருந்தவர்களைக் குடும்பத்தோடு சொகுசுக் கப்பலுக்கு அனுப்பியது கம்பெனி. சென்னைத் துறைமுகத்தில் சாயங்காலம் ஏறினால் நடுக்கடலுக்குப் போய், ஒரு பகல் முழுக்க அங்கேயே சுற்றிவிட்டு, மறுநாள் காலை ஏறின இடத்திலேயே இறக்கிவிடுவார்கள். "இதுக்கு நம்ம ஏரிய ரெண்டு சுத்து சுத்திட்டு வர்லாமே" என்றார் அப்பாவு.

உண்மையில் அவருக்கு நெல் கவலை. சொர்ணவாரிப் பட்டத்து நெல்லை மிஷின் விட்டு அறுத்து, கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஈரம் அதிகம், காய வைத்தால்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். மிஷினில் அறுத்த பச்சை நெல்லுக்கு அது வழக்கம்தான். அங்கேயே களத்தில் கொட்டிப் பரப்பிவிட்டு எல்லோரும் முறைக்குக் காத்திருந்தார்கள். இடத்தை விட்டு நகர்ந்தால் முறை போய்விடும்.

"நான் போறேன்டா. ஒங்க நைனா நெல்லுக்குக் காவலா இருக்கட்டும்" என்று ஈஸ்வரி அக்கா சொன்னதும்தான் அப்பாவுவுக்குச் சுருக்கென்றது. தன் உத்தரவில்லாமல் பெண்டாட்டி கடல் தாண்டுவதா? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இனி நான் சொல்வதெல்லாம் ஈஸ்வரி அக்காவும் சரவணகுமாரும் சொன்னதுதான்.

கிளம்பும்போது களத்துக்குப் போய் நெல்லுக்குள் கையை விட்டுப் பார்த்தார். முதல் நாள் இரவு படுதா போட்டு மூடியதில் உள்ளே குப்பென்று வெக்கை. "டேய் பூவு, இத மூடி மூடித்தான் புழுங்குது. நான் வர்ற வரைக்கும் மூடாத. ராத்திரிகூட காத்து ஆடட்டும். இந்த வாரம் மழ கெடையாது, காத்தப் பாத்தாலே தெர்ல? யாரு இன்னா சொன்னாலும் மூடாத, புரிஞ்சுதா?"

"சரிண்ணா" என்றான் பூவராகவன்.

கப்பலில் அப்பாவுவுக்கு எல்லாமே தவறாகத் தெரிந்தது. நீச்சல் குளத்தில் தண்ணீர் வழிந்தோடுகிறது, யாரும் நிறுத்தவில்லை. காலை நாஷ்டாவில் தட்டுத் தட்டாக மிச்சம் வைக்கிறார்கள். குழந்தைகளைக் கம்பி ஓரம் நிற்க விடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் சீருடைக்காரர்களைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார். எல்லோரும் சிரித்த முகமாக, "ஷ்யூர் சார்" என்று தலையாட்டினார்கள். ஒருத்தரும் எதையும் செய்யவில்லை. தலையாட்டிவிட்டுச் செய்யாமல் இருக்கவும் முடியும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. ஈஸ்வரி அக்கா இவரை விட்டுவிட்டு மேல்தளத்தில் ஒரு சாய்வு நாற்காலியைப் பிடித்து, புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கடலைப் பார்த்தபடி சுகமாக உட்கார்ந்துவிட்டார். கல்யாணமானதிலிருந்து பகலில் உட்கார்ந்தது அன்றுதான் என்று பின்னால் சொன்னார்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது அப்பாவு மேற்கே பார்த்தார். கரை தெரியவில்லை. கரை இருக்க வேண்டிய திசையில் கறுப்பாக மேகம் கட்டியிருந்தது. முதலில் அவர் அதை நம்பவில்லை. எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மேகம் மேலே மேலே ஏறியது. அடியில் ஒரு மின்னல் வெட்டியது.

டீ கோப்பையை அங்கேயே தரையில் வைத்தார்.

போனை எடுத்தார். சிக்னல் இல்லை. ஒரு மாடி ஏறினார், இன்னொரு மாடி ஏறினார், உச்சியில் நின்று போனை வானத்துக்கு நேராகப் பிடித்தார். நடுக்கடலில் எந்த டவர் வரும்? மகனைத் தேடிப் பிடித்தார். "டேய், சித்தப்பனுக்கு ஒரு போன் போடு. படுதாவ போடச் சொல்லு."

சரவணகுமார் கப்பலின் வைபை வாங்கி வைத்திருந்தான். அதில் வாட்ஸ்அப் செய்திதான் போகும், அதுவும் முக்கி முனகிக்கொண்டு. பூவராகவனிடம் இருப்பது பட்டன் போன். ஊரில் இருக்கும் தன் நண்பன் அன்புசெல்வனுக்கு, களத்துக்கு ஓடு, படுதா போடச் சொல் என்று அனுப்பினான். செய்தி போய்ச் சேர்ந்தது. அவன் படிக்கவில்லை.

"அவன் செகண்ட் ஷிப்டு நைனா. கேட்லயே போன வாங்கி வெச்சிக்குவாங்க."

"வேற யாருக்காச்சும் அனுப்பேன்டா!"

அனுப்பினான். அதற்குள் வைபையும் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது.

கீழே வரவேற்பு மேஜையில் ஒரு பெண் இருந்தாள். தமிழ் தெரிந்தவள், மரியாதையானவள். கரைக்குப் பேச ஒரு போன் இருக்கிறது, ஆனால் அவசரத்துக்கு மட்டும்தான் என்றாள். "யாருக்காவது உடம்பு சரியில்லைங்களா சார்?"

"இல்லம்மா. நெல்லு."

"புரியலைங்க சார்."

"களத்துல நெல்லு கொட்டிக் கெடக்குது. மழ வருது. மூடணும்."

அவள் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, மன்னிக்கச் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எந்தப் புத்தகத்தில் நெல்லை அவசரம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்?

மேல்தளத்துக்குத் திரும்பி வந்தபோது அப்பாவுவின் முகத்தைப் பார்த்து ஈஸ்வரி அக்கா பயந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும், "அட, இதுக்கா? கொழுந்தனாரு மூடியிருப்பாருங்க. இன்னா, பச்சப் புள்ளையா அவுரு? மழ வர்றது கண்ணுக்குத் தெரியாதா?" என்றார்.

"மூட மாட்டான்டி."

"ஏன் மூட மாட்டாரு?"

"நான் சொன்னா மீற மாட்டான்."

டீக்கடையில் எத்தனையோ தடவை மார்தட்டிச் சொன்ன பேச்சு. அதையே இப்போது மேற்கே பார்த்தபடி முணுமுணுத்தார்.

மழை கடலுக்கு வந்தது. மேற்கேயிருந்து வருகிற மழை எங்கள் ஊரில் பெய்துவிட்டுத்தான் கடலுக்குப் போகும். இது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்பாவுவின் மேல் முதல் துளி விழுந்தபோதே அங்கே எல்லாம் முடிந்திருக்கும். தளத்தில் இருந்தவர்கள் ஓவென்று கூச்சல் போட்டார்கள். யாரோ பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். சரவணகுமாரோடு வேலை செய்கிறவர்கள் பெண்டு பிள்ளைகளோடு மழையில் குதித்துக் குதித்து ஆடினார்கள். ஒருவர் வந்து அப்பாவுவின் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்க சார், ஒரு ஸ்டெப் போடுங்க!" இவர் கையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை. இழுத்த பக்கம் ரெண்டு அடி போய், விட்ட இடத்தில் நின்றார். மேலெல்லாம் சொட்டச் சொட்ட மேற்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, அவன் என் பேச்ச மீறியிருக்கணும்" என்று வாய்விட்டுச் சொன்னாராம். ஈஸ்வரி அக்கா காதால் கேட்டிருக்கிறார். தம்பி தன் சொல்லைத் தட்ட வேண்டும் என்று அவர் சாமியிடம் கேட்டது வாழ்நாளிலேயே அதுதான் முதல் தடவை. ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

விடிந்து துறைமுகத்தின் கிரேன்கள் தெரிய ஆரம்பித்தபோது போனில் உயிர் வந்தது. அழைப்பு தவறியதாகச் செய்தி மேல் செய்தி வந்து விழுந்தது. எல்லாம் பூவராகவன். சாயங்காலம் ஆரம்பித்து, விடாமல் கூப்பிட்டிருக்கிறான். அப்பாவு உடனே திருப்பிக் கூப்பிட்டார். பாதி மணியில் எடுத்துவிட்டான்.

"அண்ணா!"

அந்தக் குரலில் திட்டு விழுமே என்கிற பயம் இல்லை. சொல்வதற்கு ஆள் கிடைத்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. அதுதான் அப்பாவுவை அறுத்தது.

"மூடினியாடா?"

"நீ மூடாதன்னியேண்ணா. மேகம் கட்டறப்பவே போன் பண்ணேன். போகல. பக்கத்துக் களத்துக்காரங்க எல்லாம் மூடிக்கினாங்க. நர்மதாகூட மூடிர்லாம்னு அழுதுச்சி. இரு, அண்ணன ஒரு வார்த்த கேட்டுக்கினு மூடுவம்னேன். போட்டுக்கினே இருந்தேன்ணா, நீ எடுக்கவே இல்ல."

"படுதா எங்கடா இருந்துது?"

"கைலதாண்ணா வெச்சிக்கினு நின்னேன்."

அப்பாவு கண்ணை மூடிக்கொண்டார். மழை பெய்த நேரம் முழுக்கப் படுதாவை ஒரு கையில் பிடித்தபடி, இன்னொரு கையில் போனைக் காதில் வைத்தபடி நனைந்துகொண்டு நின்றிருக்கிறான். கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. திட்டுவதற்கு ஆள் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"தண்ணி நிக்குதுண்ணா. நெல்லு உப்பிப் போச்சி, ஒண்ணு ரெண்டு மொளை கட்ற மாதிரி கீது. வேற எடத்துல அள்ளிப் போட்டா மொற போயிடும். இங்கியே கெளறிவிடட்டா, இல்ல ஊட்டுக்கு ஏத்திக்கினு போயிடட்டா? சொல்லுண்ணா, அப்டியே செய்றேன்."

கப்பல் கரையை ஒட்டிக்கொண்டிருந்தது. இறங்குகிறவர்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அவரை இடித்துக்கொண்டு போனார்கள். அப்பாவு கம்பியோரம் ஒதுங்கி நின்று, கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

"பூவு, ஒனக்கு இன்னா தோணுதோ அதச் செய்டா."

பூவராகவன் மெதுவாக, நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

"எனக்கு இன்னாண்ணா தோணும்?"