வாசித்துக் காட்டிய பிராது

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ராஜபாளையத்தில் மில் வேலை. அதில் மிச்சம்பிடித்து மம்சாபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வாங்கினேன். தோப்புக்குள் போக ஒரே வண்டிப்பாதை. பக்கத்துத் தோட்டக்காரர் அதை முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார். வெட்டிய காய் உள்ளேயே கிடந்தது. பேசிப் பார்த்தேன். நடக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனேன்.

எனக்கு அமைந்த வக்கீல் சின்ன வயசுப் பெண். அப்போதுதான் தனியாக ஆபீஸ் போட்டிருந்தார். சொன்னதைக் கேட்டுக்கொண்டார். அடுத்த தடவை போனபோது கோர்ட்டில் கொடுக்க வேண்டிய பிராது தயாராக இருந்தது. நல்ல தடிமன். எனக்குத் திருப்தி.

கடைசிப் பக்கத்தில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் போடுகிற ஆளை நான் பார்த்ததில்லை. பேனாவை எடுத்தேன்.

"இருங்கண்ணாச்சி. வாசிக்கேன். புரியாட்டி நிறுத்துங்க."

ஒரு வாக்கியமே ஒரு பக்கத்துக்கு ஓடியது. தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"பரம்பரை பரம்பரையா அனுபவிச்சு வந்த பாதைன்னு இருக்கு. நெசந்தான?"

"நீங்க எழுதுனா சரியாத்தாம்மா இருக்கும்."

"நெசமான்னு கேட்டேன்."

"இல்லம்மா. தோப்பு நான் வாங்குனது. எங்கய்யாவுக்கு ஏது பூமி?"

அவர் வாசிப்பதை நிறுத்தினார்.

"பழைய பிராது ஒண்ணப் பாத்து எழுதுனேன். பாதைக் கேஸுன்னா எல்லாத்துலயும் அந்த வரி இருக்கும். போன கேஸ்ல இப்பிடித்தான். நான் எழுதுனது எங்க கட்சிக்காரருக்கே தெரியல. கூண்டுல முழிச்சாரு. கேஸு போச்சு."

எழுதியதை ஓரமாக வைத்தார். என்னை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். வாங்கியது, விற்றவர் அதே பாதையில் போனது, கிரயப் பத்திரத்தில் பாதை இருப்பது, கம்பி போட்டது. அதை மட்டும் புதிதாக எழுதினார். வேறெதுவும் சேர்க்கவில்லை. சின்னச் சின்ன வாக்கியம். இரண்டே தாள்.

குமாஸ்தா அதைத் தூக்கிப் பார்த்தார். "என்ன மேடம், கல்யாணப் பத்திரிகை கணக்கா இருக்கு? அண்ணாச்சி இதுக்கா பீஸு குடுப்பாரு?"

"அண்ணாச்சியையே கேளுங்க."

எனக்கும் உள்ளுக்குள் உறுத்தல்தான். ஆனால் அவர் வாசிக்கக் கேட்டது அம்புட்டும் என் வாயிலிருந்து வந்ததுதான். "புரியுது" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

விசாரணையில் எதிர்க்கட்சி வக்கீல் என்னைக் கூண்டில் நிற்க வைத்துக் கேட்டார்.

"பாட்டன் காலத்துல இருந்து போன பாதைன்னு சொல்லுவீங்களே?"

"சொல்லலைங்க. தோப்பு நான் வாங்குனது. வித்தவரு போன பாதை. பத்திரத்துல இருக்கு."

எங்கள் பிராதைப் புரட்டினார். அதிலும் அதுதான் இருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

கம்பியை எடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. முதல் லோடு வெளியே வந்த அன்று, கொஞ்சம் காய் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன்.

"செத்த இருங்கண்ணாச்சி" என்றார் குமாஸ்தா. "உள்ள ஒருத்தருக்கு வாசிச்சுக்கிட்டு இருக்காவ."

உட்கார்ந்தேன். வெகுநேரம் ஆனது. ஆகட்டும் என்று இருந்தேன்.