பேரீச்சம்பழப் பெட்டியில் முப்பது கதவு

பள்ளிவாசலில் பங்கிட்ட பேரீச்சம்பழம் வந்த காட்போட் பெட்டியை நேற்று என் மகள் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாள். நோன்புக்குக் கதவு வைத்த கலண்டர் செய்யப் போகிறாளாம், போனில் பார்த்திருக்கிறாள். உலகத்தில் முதன்முதலாகத் தாங்கள்தான் கண்டுபிடித்தது மாதிரி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மிதப்பு! நான் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். வெட்டுப்பட்ட அட்டையிலிருந்து அந்த வாசம் எழும்பியது. பாணியும் தூசியும் கலந்த, கொஞ்சம் புளித்த இனிப்பு வாசம். அதோடு அவள் கேட்டாள்: "உம்மா, எத்தின கதவு வைக்கிற? இருபத்தொம்பதா, முப்பதா?"

அல்லாஹ்வே, அந்தக் கேள்வி! கையில் அரிசிச் சட்டியோடு அப்படியே குந்திவிட்டேன்.

உங்களுக்கு ஜெசிந்தாவைத் தெரியாது. கல்முனையில் டியூசனுக்குப் போன காலத்தில் என் பக்கத்து வாங்கில் இருந்தவள். சுவிஸில் இருந்த அவளுடைய மாமி நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, ஒரு கலண்டர் அனுப்பியிருந்தார். டிசம்பர் பிறந்ததும் நாளுக்கு ஒரு கதவைத் திறக்க வேண்டும். உள்ளே ஒரு படம் இருக்கும். அதைப் பார்த்த பொறாமையில் எனக்குக் கணக்குப் பாடமே மண்டையில் ஏறவில்லை. அதற்கு முதலும் ஏறியதில்லை, அது வேறு கதை.

"உங்கட பெருநாளைக்கும் ஒண்டு செய்யன்டி. எத்தினையாம் திகதி பெருநாள்?" என்றாள்.

பிறை கண்டால் இருபத்தொன்பது நோன்பு, காணாவிட்டால் முப்பது என்று விளங்கப்படுத்தினேன்.

"அப்ப உங்களுக்கே தெரியாதா?" சிரித்தாளே ஒரு சிரிப்பு! "எங்கட நத்தார் முந்தவும் மாட்டாது, பிந்தவும் மாட்டாது."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. சாய்ந்தமருதில் கடலுக்குக் கிட்ட இருந்த எங்கள் வீட்டில், இதே மாதிரி ஒரு பேரீச்சம்பழப் பெட்டியைப் பிரித்துக் கதவு வெட்டத் தொடங்கினேன். பசைக்குக் கோதுமை மாவைக் காய்ச்சினேன். நோன்பு பிடித்துக்கொண்டு பசை காய்ச்சிப் பாருங்கள், அப்போதுதான் தெரியும், அது எவ்வளவு ருசியாக மணக்கும் என்று! நோன்பு பிடிக்கும் வயது வராத தங்கச்சி என் கண் முன்னாலேயே விரலை நக்கி நக்கிக் காட்டினாள். எனக்கு வந்த கோபத்தில் ஐந்தாம் கதவு கோணலாகப் போயிற்று. இரண்டாம் நாளே எறும்பு வந்துவிட்டது. இனிப்பு ஊறின அட்டை அல்லவா, சும்மா விடுமா? கலண்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கயிற்றுக்கு மண்ணெண்ணெய் பூசினோம்.

முப்பதாம் கதவை மட்டும் தங்கச்சிக்குக் கொடுத்தேன். அவள் உள்ளே ஒரு பிளேன் கீறினாள். பிளேனுக்கு மேலே, பிளேனைவிடப் பெரிய தலையோடு வாப்பா.

வாப்பா கத்தாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். தங்கச்சிக்கு வாப்பா என்றால் அலுமாரிக்கு மேலிருந்த படம்தான். அவள் பிறந்த பிறகு ஒரு பெருநாளுக்கும் அவர் வீட்டில் இருந்ததில்லை. அந்த வருசம்தான் லீவு கிடைத்திருந்தது. போன் பக்கத்து வீட்டு மாமியிடம்தான் இருந்தது. அதில் இரைச்சலுக்கு நடுவே வந்த செய்தியை மாமி வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னார்: "முப்பதாம் நோன்புக்கு வந்திருவாராம் புள்ள!"

உம்மாவின் முகம் மலர்ந்தது. பிறகு யோசித்தார். "இருபத்தொம்பதுல பிறை கண்டா?"

கண்டால் மறுநாள் பெருநாள். வாப்பா கொழும்பில் இறங்கி, பஸ் ஏறி, செக்பொயிண்டுகளெல்லாம் தாண்டி வந்து சேரும்போது பெருநாள் தொழுகையும் முடிந்திருக்கும், சாப்பாடும் முடிந்திருக்கும்.

ஊரே நேரத்தோடு பிறை காண வேண்டும் என்று ஆசைப்பட்ட நோன்பில், நானும் தங்கச்சியும் மட்டும் முகில் கேட்டுத் துஆச் செய்தோம். வெளியே சொன்னால் அடிதான் விழும்!

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த கையோடு ஊர்ச்சனம் மேற்கே வயல் ஓரத்துக்குப் போயிற்று. பிறை கடல் பக்கம் தெரியாது. மாரிகாலம். வானம் சட்டிக்கரி மாதிரிக் கிடந்தது. பெரியவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நானும் தங்கச்சியும் ஒருவர் கையை ஒருவர் கிள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தோம்.

வீட்டுக்குள் கால் வைக்க ரேடியோ சொல்லிற்று, மன்னாரில் பிறை கண்டாயிற்று, நாடு முழுக்க நாளைக்குப் பெருநாள் என்று. நாங்கள் எங்கள் ஊருக்கு மட்டும் முகில் கேட்டிருக்கிறோம். மன்னார் நினைவே வரவில்லை!

பள்ளி ஒலிபெருக்கியில் பெருநாளை அறிவிக்கும் தக்பீர் தொடங்கியது. தங்கச்சி குழறி அழுதாள். நானும் அழுதேன். உம்மா அழவில்லை. பெருநாளைக்கென்று மடிப்புக் கலைத்து வைத்திருந்த புதுச் சேலையைத் திரும்ப மடித்து அலுமாரிக்குள் வைத்தார். "வாப்பா வந்த மறுகா உடுப்பம்" என்றார்.

அந்த நேரம் வாசலில் ஒரு தாடிக்காரர் இரண்டு பெரிய பேக்கை இறக்கி வைத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஊரே தக்பீர் சொல்லுது, இஞ்ச மட்டும் ஏன் அழுவுறீங்க? ஆரும் மௌத்தா?"

உம்மா அலுமாரியை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். "நீங்க... முப்பதுக்கெண்டுதானே சொன்ன?"

"ஓம். இண்டைக்குத்தானே முப்பது!"

கத்தாரில் எங்களுக்கு ஒரு நாள் முந்தி நோன்பு தொடங்கியிருந்தது. அவருடைய முப்பது எங்களுடைய இருபத்தொன்பது. இது மாமிக்கும் ஓடவில்லை, உம்மாவுக்கும் ஓடவில்லை. "அரபு நாட்டுக் கணக்கில வந்து நிக்கிற மனிசனப் பாருங்களன்!" என்று உம்மா சிரிக்கத் தொடங்கியவர், சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று தெரியாமலே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தங்கச்சி அவருடைய சேலைக்குள் ஒளிந்துகொண்டு கேட்டாள்: "பிளேன் எங்க?"

விடிய உம்மா அந்தச் சேலையை உடுத்தார். வாப்பா தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு பெருநாள் தொழுகைக்குப் போனார். நான் பின்னால் ஊர் முழுக்கக் கேட்க "எங்கட வாப்பா, எங்கட வாப்பா" என்று சொல்லிக்கொண்டு போனேன். வெட்கம் கெட்டவள்!

அந்தக் கலண்டர் இல்லை. அந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோயிற்று. நாங்கள் தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். வாப்பா ஊரோடு வந்துவிட்டார். இப்போது பேத்திக்குப் பசை காய்ச்சிக் கொடுக்கிறார். பிறை பார்க்க வயல் ஓரத்துக்கு யாரும் போவதில்லை. போனுக்கு வந்துவிடும். தோஹாவில் குடியிருக்கும் தங்கச்சி இந்தப் பெருநாளுக்கு வருகிறாள். எந்தப் பிளேன், எத்தனை மணிக்கு இறங்கும், எல்லாம் என் மகளுக்கு மனப்பாடம். யாரும் யாரையும் பிழையாக விளங்கிக்கொள்ள வழியில்லை. எல்லாரும் சொன்ன நேரத்துக்குத்தான் வருகிறார்கள். ஒரு நாள் முந்தி வந்து நிற்கிற ஆளே இல்லாமல் போய்விட்டது.

ஆனாலும் இருபத்தொன்பதாம் நோன்பன்று கஞ்சிக்கு ஒரு ஆளுக்குக் கூடுதலாகவே அரிசி போடுவேன். சொல்ல ஏலாது.