சிவப்பா, பழுப்பா, நீலமா

பழைய கீபோர்டில் ‘ந’ எழுத்து வரும் விசை ஒரு நாள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நெம்பி எடுத்தால் நாலு வரிக்கு வேலை செய்யும், மறுபடி அமுங்கிவிடும். நான் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்குப் புத்தகம் தட்டச்சு செய்து கொடுப்பவள். ‘ந’ இல்லாமல் தமிழில் அரைப் பக்கம்கூட நகராது. அப்போது கையில் தடிமனான ஒரு கையெழுத்துப் பிரதி வேறு இருந்தது.

அதே கீபோர்டின் மேல் என் கணவருக்கும் ஒரு புகார் உண்டு. அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டும் ஆபரேட்டர். ஷிஃப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், கோயம்புத்தூரில் படிக்கும் எங்கள் மகளோடு சேர்ந்து கணினியில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவார். அவள் அங்கே விடுதி அறையில், இவர் இங்கே குவார்ட்டர்ஸ் ஹாலில். இரண்டு பேர் காதிலும் ஹெட்போன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இவர் செத்துப்போவார்.

“மூணு கீய சேர்த்து அமுக்கினா ஒண்ணு புடிக்க மாட்டேங்குது. திரும்பறதுக்குள்ள பின்னாடி வந்து சுட்டுடறானுங்க. நான் இன்னா பண்ணட்டும்?” என்பார். அவர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர். இருபத்தைந்து வருடம் டவுன்ஷிப்பில் இருந்தும் பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவில்லை.

மகள் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டாள். “மா, மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கு. உன் டைப்பிங்குக்கும் ஆகும், அப்பா கேமுக்கும் ஆகும். இப்ப குறைஞ்ச விலைக்கே நிறைய வருது.”

எனக்கு அப்போதே ஒரு கவலை. என் கணவர் நைட் ஷிஃப்ட் போகும் வாரங்களில் காலையில் வந்து சாப்பிட்டுப் படுத்தால் மத்தியானம் வரை தூக்கம். நான் தட்டச்சு செய்வதும் அந்த நேரத்தில்தான். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மெக்கானிக்கல் என்றால் சத்தம் போடுமாமே?

இணையத்தில் தேட ஆரம்பித்தேன். மூன்று நாளில் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தெளிவும் போயிற்று. மெக்கானிக்கல் என்றால் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும், அதற்கு நிறம் உண்டு, நிறத்தை வைத்துத்தான் குணம். இவ்வளவு வரைக்கும் புரிந்தது. சிவப்பு தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். பழுப்பு நடு வழியில் விரலை ஒரு முறை லேசாகத் தட்டும். நீலம் தட்டவும் செய்யும், கூடவே ‘டிக்’ என்று சத்தமும் போடும். ஆனால் எது நல்லது என்று கேட்டால் இரண்டு பேர் ஒரே பதில் சொல்வதில்லை. ஒருவர் சிவப்பு விளையாட்டுக்கு மட்டும்தான் என்கிறார். அடுத்தவர் சிவப்பில்தான் தினமும் ஆயிரக்கணக்கான சொற்கள் அடிக்கிறேன் என்கிறார். பழுப்பை ஒருவர் தங்கம் என்கிறார், இன்னொருவர் ரெண்டுங்கெட்டான் என்கிறார். எண் பலகை உள்ளது வேண்டுமா, இல்லாதது வேண்டுமா? சுவிட்சைக் கழற்றி மாற்றும் வசதி வேண்டுமா? தமிழ் எழுத்து அச்சடித்தது கிடைக்குமா என்று நான் கேட்ட கேள்விக்கு மட்டும் யாரும் பதிலே சொல்லவில்லை.

தொட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று பஸ் ஏறி பண்ருட்டிக்குப் போனேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்து ஒயரைச் செருகினார். வானவில் போல விளக்குகள் ஓடின.

“பாருங்கக்கா, லைட்டு எப்படி ஓடுது. இதாங்க மெக்கானிக்கலு.”

“இதுல சுவிட்ச் என்ன கலருங்க?”

“எல்லா கலரும் வருங்கக்கா. இந்த பட்டன அமுக்கினீங்கன்னா மாறிக்கினே இருக்கும்.”

அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்டது அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். ஒரு விசையின் மூடியைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கழற்றினார். உள்ளே சுவிட்ச் இல்லை, எங்கள் வீட்டுப் பழைய கீபோர்டில் இருந்த அதே ரப்பர். ரெண்டு பேரும் அதை உற்றுப் பார்த்தோம். அவரே மூடியைத் திரும்ப வைத்துவிட்டு, “எனக்கே இப்ப சந்தேகமா இருக்குக்கா” என்றார்.

கடைசியில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின் பிளாக்கில் ஒரு வழி கிடைத்தது. சுரங்கத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த ஈரோட்டுப் பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். அவளிடம் மூன்று கீபோர்டு இருப்பதாகக் கேள்விப்பட்டு, தயங்கித் தயங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். “வாங்கக்கா, அடிச்சுப் பாத்துட்டே சொல்லுங்க” என்று மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தாள். முதலில் பழுப்புதான் என்று தோன்றியது. சிவப்பில் அடித்த பிறகு பழுப்பு முரடாகப்பட்டது. மறுபடி பழுப்புக்கு வந்தால் சிவப்பு வழவழவென்று பிடிமானமே இல்லாதது போல இருந்தது. நீலத்தை நாலு வார்த்தை அடித்ததும் நிறுத்திவிட்டேன். விரலுக்கு அதுதான் மிகப் பிடித்தது. ஆனால் அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டில் யாரும் தூங்க முடியாது.

“உங்களுக்குப் பழுப்புங்கக்கா. யோசிக்காதீங்க” என்றாள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வந்து, நீலத்தை ஆர்டர் செய்தேன்.

வேண்டுமென்றே அல்ல. அந்தப் பக்கத்தில் நிறம் கேட்கும் கட்டம் இரண்டு இருந்தன. ஒன்று உடம்பின் நிறத்துக்கு, இன்னொன்று சுவிட்சுக்கு. ஒன்றில் பழுப்பு என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அடுத்ததில் கீபோர்டு அழுக்குத் தெரியாமல் நீலமாக இருக்கட்டும் என்று நீலத்தை அமுக்கினேன். பெட்டியைப் பிரித்தால் காப்பித்தூள் நிறத்தில் ஒரு கீபோர்டு. மூடியைக் கழற்றினால் உள்ளே நீலம்.

திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம் இருந்தது. பழையதில் ‘ந’ முழுதாகச் செத்துவிட்டது. பிரதி பாதியில் நின்றது. அந்த வாரம் அவருக்கு நைட் ஷிஃப்ட். மாற்று வரும் வரை ஓட்டுவோம் என்று, அவர் படுத்த பிறகு சமையலறையில் கீபோர்டுக்கு அடியில் துண்டை நாலாக மடித்துப் போட்டு, ஒவ்வொரு விரலாக அடித்தேன். அப்படியும் ‘டிக் டிக்’ என்று சுவரில் போய் மோதியது. அவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் துண்டை எடுத்தேன். எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் ஹாலுக்கே வந்து, வழக்கமான வேகத்தில் அடித்தேன். படுக்கையறைக் கதவு பாதி திறந்துதான் இருந்தது.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாவம், அசந்து தூங்குகிறார் என்று நினைத்தேன். ஆனால் பதினொரு மணிக்கு கரண்ட் போய் மின்விசிறி நின்றதும் உடனே எழுந்து உட்கார்ந்தார். வெளியே தண்ணீர் லாரி உறுமினால் புரண்டு படுத்தார். இந்தச் சத்தத்துக்கு மட்டும் அசையவில்லை. இது என்ன தூக்கம்?

மத்தியானம் அவர் சாப்பிடும்போது கேட்டேன். “கீபோர்டு தொந்தரவா இருக்காங்க?”

“இல்லயே. நல்ல போர்டாதான் பாத்து வாங்கிகினு வந்திருக்க. சத்தமே இல்ல.”

நான் கேலி என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் கேலி இல்லை. எனக்காகச் சொல்கிறாரோ என்றும் தோன்றியது. எழுந்து போய் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த மேசையில் ஒரு விசையைப் பத்துத் தடவை படபடவென்று அமுக்கினேன். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். என்ன ஏது என்று திரும்பவில்லை.

அந்தச் சாயங்காலம் அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் கடைக்குப் போயிருந்தார். மகள் அழைத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடித்துக்கொண்டே பேசினேன்.

“மா, என்ன சத்தம் அது? முறுக்கு கடிக்கிறியா?”

“புது கீபோர்டு. உங்கப்பா சத்தமே இல்லங்கறாரு.”

“சத்தமே இல்லயா?” என்றாள். பிறகு, “மா, அப்பா கேம்ல எப்பவும் பின்னாடி இருந்துதானே சாகறாரு. பின்னாடி வர்றவன் கால் சத்தம் ஹெட்போன்ல நல்லா கேட்கும்மா. நான் கத்துவேன், ‘கேட்கலயாப்பா, கேட்கலயாப்பா’ன்னு. அவருக்கு ஆடத் தெரியலன்னு நெனச்சேன்” என்றாள். குரல் இறங்கிவிட்டது.

கடலூரில் ஒரு காது மருத்துவரிடம் போக அவரைச் சம்மதிக்க வைக்க நான்கு நாள் ஆயிற்று. “நீ பேசறது கேட்குது. லாரி வர்றது கேட்குது. அப்புறம் இன்னா?” என்பதுதான் அவர் வாதம். அதுதான் எனக்கும் குழப்பம். கேட்காதவர் என்றால் எதுவுமே கேட்கக் கூடாதல்லவா?

சிறிய கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் டக் டக்கென்று அமுக்கினார். பிறகு நிறுத்தினார். சோதனை முடிந்துவிட்டது என்று எழுந்திருக்கப் போனார். உள்ளே இருந்த பெண் உட்காரும்படி கையைக் காட்டினாள். அவருக்குத்தான் முடிந்திருந்தது.

மருத்துவர் சோதனைத் தாளில் வரைந்திருந்த ஒரு கோட்டைக் காட்டினார். தடித்த ஓசை வரைக்கும் கோடு நேராகப் போயிற்று. கூர்மையான மெல்லிய ஓசை வந்த இடத்தில் சரிந்து இறங்கியது. “பேச்சு கேட்கும். ஆனா ச, த, ப இதெல்லாம் தேய்ஞ்சுதான் விழும். மீதிய அவரா யூகிச்சுக்குவாரு. வயசாலயும் வரும், பரம்பரையாவும் வரும், சத்தத்தாலயும் வரும். எதுன்னு இப்ப சொல்ல முடியாதுங்க” என்றார்.

“வேலையில காதடைப்பு குடுப்பாங்களே, வெச்சுக்கறதில்லயா?” என்று நான் அங்கேயே என் கணவரைக் கேட்டேன்.

“குடுத்தாங்க. நான்தான் வெச்சுக்கல. பெல்ட்டு ரோலர் கெட்டுப்போச்சுன்னா சத்தத்துலதான் முதல்ல தெரியும். அடைச்சுகினா எப்படித் தெரியும்?” என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், “இப்பல்லாம் கூட நிக்கிற ஆளுதான் சொல்றான். நான் அவனுக்கு பாம்புக் காதுன்னு நெனச்சேன்” என்றார்.

திரும்பி வரும்போது குள்ளஞ்சாவடியில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. இறங்கி டீ குடித்தோம். அவர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“சமையல்கட்டுலருந்து நீ பேசிகினே இருப்ப. அப்புறம் திடீர்னு கோவமா வந்து நிப்ப. எதுக்குன்னே எனக்குத் தெரியாது. நீ எதுனா கேட்டிருப்ப, நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன். அதானா?”

அதுதான். எத்தனை வருடம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் அப்பா தேனிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். கூப்பிட்டால் எங்கிருந்தாலும் ‘என்னம்மா’ என்பார். கல்யாணமான பிறகு கூப்பிட்டால் பதில் வராத வீட்டில் இருக்க நான் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. மதிக்கவில்லை என்று நினைத்து நாள்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன். நான் பேசாமல் இருந்ததையும் அவர் கவனிக்கவில்லை என்று அதற்கொரு கோபம். இப்போது அதில் எதைத் தள்ளுபடி செய்வது? எல்லாவற்றையுமா? எப்போது ஆரம்பித்தது என்று மருத்துவருக்கே தெரியவில்லை. ஐந்து வருடமா, பத்தா? அதற்கு முந்தைய மௌனங்களுக்கு யார் பொறுப்பு? பஸ்ஸில் வடலூர் வரைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. “அப்படியெல்லாம் இல்ல” என்று மட்டும் சொன்னேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

மருத்துவர் எழுதிக் கொடுத்த காதுக் கருவி வருவதற்குள், கீபோர்டைத் திருப்பி அனுப்பும் ஏழு நாள் அவகாசம் முடிந்துவிட்டது. ஈரோட்டுப் பெண் வந்து பார்த்துச் சிரித்தாள். நல்லவேளை, அது சுவிட்சைக் கழற்றக்கூடிய கீபோர்டு. என் கணவர் விளையாட்டில் ஓடவும் திரும்பவும் பயன்படுத்தும் நான்கு விசைகளுக்கு மட்டும், தன்னிடம் மிச்சமிருந்த சிவப்பைப் போட்டுக் கொடுத்தாள். தமிழில் அந்த நான்கும் அ, இ, உ, ஈ. ஆகவே நான் அடிக்கும்போது அந்த உயிரெழுத்துகள் ஓசையின்றி வழுக்கிப் போகின்றன, மற்றதெல்லாம் டிக்கென்கிறது. முதல் வாரம் அதில் அடிக்கவே வரவில்லை. பழகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. பழுப்பு மொத்தமாக ஒரு பொட்டலம் வாங்கி எல்லாவற்றையும் மாற்றலாமா என்று மாதம் இரண்டு முறை தேடுகிறேன். பக்கத்தைத் திறந்ததும் பயம் வந்து மூடிவிடுகிறேன்.

அவர் தன் நிலையை வேலையிடத்தில் தானே போய்ச் சொன்னார். சொல்லாமல் விட்டுவிடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போது சத்தத்தை வைத்துச் சோதிக்க வேண்டிய வேலையை இன்னொருவர் பார்க்கிறார். இவர் காதடைப்பு இல்லாமல் அந்தப் பக்கம் போவதில்லை. அது அவருக்கு நிம்மதியா குறையா என்று நான் கேட்டேன். “தெரியல” என்றார்.

கருவியை மாட்டிய முதல் நாள் மத்தியானம், நான் அடிக்க உட்கார்ந்ததும் ஹாலுக்கு ஓடி வந்தார்.

“இந்த இரைச்சல்லயா நான் தூங்கிகினு இருந்தேன்?”

தூங்கும்போது கழற்றிவிடுகிறார். விளையாட உட்கார்ந்தால் கருவிக்கு மேல் ஹெட்போன் வைத்ததும் கீச்சென்று கத்துகிறது. ஆகவே ஹெட்போனை விட்டுவிட்டு ஸ்பீக்கரில் விளையாடுகிறார். மகள் பேசுவது எனக்கும் கேட்கிறது. முன்னைவிடக் குறைவாகச் சாகிறாராம். புதுக் கீபோர்டாலா காதாலா என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

நேற்று சமையலறையிலிருந்து, “ஏங்க, வூட்டுல தேங்காய் இருக்கா, வாங்கணுமா?” என்று அவர் பேச்சிலேயே கேட்டேன். பதில் இல்லை. கருவியை மாட்டவில்லை போலிருக்கிறது என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காதிலும் கருவி இருந்தது.

“கேட்கலயா?” என்றேன்.

“கேட்டுச்சு” என்றார். “யோசிச்சிகினு இருக்கேன்.”