வண்டிக்காரன் மஞ்சுநாத்தும் வாய் பேசாத கேம் மாஸ்டரும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெங்களூர் விவேக் நகரில் ஒரு மாடி வீட்டு ஹாலில் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.

"பரல்லா சார், பரல்லா! மளெ பர்த்தா இதே! அந்தப் பக்கமெல்லாம் வண்டி வராது!"

எதிர் வீட்டு அம்மா பால்கனியில் துணி காயப்போட வந்தவர், ஈரத் துணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். வெளியே சுள்ளென்று வெயில். மழை எங்கே? வண்டி எங்கே? ஐம்பதைத் தாண்டிய ஆள் ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு மேஜையைப் பார்த்து 'வர மாட்டேன்' என்று கன்னடத்தில் அடம்பிடிக்கிறார். அந்த அம்மா என்ன நினைத்திருப்பார்?

என் மனைவி வசந்தா பல வருஷமாக நினைத்துக்கொண்டிருப்பதைத்தான்.

விஷயம் இதுதான். நாங்கள் நாலு பேர் ஞாயிறுதோறும் கூடி ஒரு விளையாட்டு விளையாடுகிறோம். மேஜை, பகடை, கட்டைவிரல் உயரத்துக்குச் சில பொம்மைகள் — அவ்வளவுதான் சாமான். ஒருவர் கதை சொல்வார். அவருக்குப் பெயர் கேம் மாஸ்டர். "எதிர்ல ஒரு காடு. உள்ள ஏதோ உறுமுது. என்ன பண்றீங்க?" என்பார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் இருக்கிற வீரர்கள். வாளை உருவலாம். ஓடலாம். உறுமுகிற பிராணிக்கு பிஸ்கட் போடலாம். அது பலித்ததா என்று பகடை சொல்லும்.

கடைசியில் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்காதீர்கள். யாரும் இல்லை. ஆபீஸ் மாதிரிதான்... ஆனால் இதில் சந்தோஷம் உண்டு.

எங்கள் கேம் மாஸ்டர் ஸ்டெல்லா. அந்த மாடி வீட்டுக்காரர். ஸ்கூலில் எட்டாம் வகுப்புக்கு சயின்ஸ் டீச்சர். வாரம் முழுக்க ஒளிச்சேர்க்கையையும் உராய்வையும் கத்திக் கத்திச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ராட்சசனாக உறுமுவார், ராணியாகக் கொஞ்சுவார், செத்துக்கொண்டிருக்கிற ஒற்றனாக முனகுவார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

"இதுக்கெல்லாம் எப்போ ப்ரிபேர் பண்றீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பஸ்ல வரும்போது சார். முருகேஷ் இந்த வாரம் என்ன கேப்பாரு, சபீனா எங்க மடக்குவாங்கன்னு யோசிப்பேன். அவ்ளோதான்."

முருகேஷும் சபீனாவும் எங்களோடு விளையாடுகிற மற்ற இரண்டு பேர். அடக்கம், அதனால் இப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இந்த ஸ்டெல்லாவுக்குத்தான் திடீரென்று குரல் போய்விட்டது. தொண்டையில் வீக்கம். பேசவே கூடாது என்றார் டாக்டர். வீக்கம் வடிந்தாலும், குரலை ஸ்கூலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பாக்கியெல்லாம் கட் என்றும் சொல்லியிருக்கிறார். அன்று வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்டெல்லா போட்ட மெசேஜ்: 'சாரி எல்லாருக்கும். நம்ம கதைய இத்தோட முடிச்சுக்கலாம். பேச முடியாத கேம் மாஸ்டர் எதுக்கு?'

ஸ்கூலில் பேசுவது சம்பளத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை பேசுவதுதானே அவர் தனக்காகப் பேசுவது? அதைப் போய் நிறுத்தச் சொன்னால்?

உடனே வீராவேசமாக பதில் போட்டேன். 'கதை நிக்காது. நான் நடத்தறேன். நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க, போதும்.'

இந்த இடத்தில் என் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். என் அலமாரியில் பெயின்ட் அடிக்காத பொம்மைகள் ஒரு படையே இருக்கிறது. ஒன்றுக்கு மூஞ்சி மட்டும் முடிந்திருக்கும். இன்னொன்றுக்கு பூட்ஸ் மட்டும். 'இந்த மாசம் முடிச்சிடுவேன்' என்று சொல்லிக்கொண்டே புதிதாக இன்னொரு பெட்டி வாங்குகிற ஜாதி நான். அப்பேர்ப்பட்டவன் இந்தத் தடவை உண்மையாகவே உழைத்தேன். கூரியர் அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒரு கோட்டை கட்டினேன். கல்லுக்குக் கல் பெயின்ட் அடித்தேன். திறந்து மூடுகிற மாதிரி கதவு வைத்தேன்.

"அந்தப் பொட்டியில மிக்ஸியைத் திருப்பி அனுப்பணும்னு எடுத்து வெச்சிருந்தேன்" என்றாள் வசந்தா.

"இப்போ அது வஜ்ரசேன மகாராஜா கோட்டை."

"சரி, மகாராஜாவையே சட்னி அரைச்சுத் தரச் சொல்லுங்க."

அதோடு விட்டேனா? வஜ்ரசேனனின் தாத்தா யார், அவருக்கு எத்தனை மனைவி, எந்த மனைவியின் மகன் யாருக்கு விஷம் வைத்தான் — பரம்பரை முழுவதையும் எழுதினேன். சுரங்கத்துக்கு வரைபடம். பேய்க்கு முன்கதை. ஆபீஸில் இந்த உழைப்பைக் காட்டியிருந்தால் இந்நேரம் மேனேஜர் ஆகியிருப்பேன்.

ஞாயிறு வந்தது. பொம்மனஹள்ளியிலிருந்து முருகேஷ் வந்தார். கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். ஜீவனஹள்ளியிலிருந்து சபீனா. பேங்கில் வேலை, முப்பது வயது, என்னை அங்கிள் என்று கூப்பிடுவதில் அலாதி ஆனந்தம். மூலையில் ஸ்டெல்லா — கழுத்தில் மஃப்ளர், கையில் வெந்நீர் டம்ளர், கண்ணில் விடைபெற வந்தவரின் களை.

ஆரம்பித்தேன். "மலை மேல கோட்டை. நீங்க அடிவாரத்துல நிக்கிறீங்க. மேல போறதுக்கு ஒரு குதிரை வண்டி இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் நான் பண்ணின தப்பு.

"வண்டிக்காரன்கிட்ட கேக்கறேன். கோட்டைக்கு வரியாப்பா?" என்றார் முருகேஷ்.

'ஏறுங்க' என்று சொல்லியிருந்தால் போயிற்று. ஆனால் தினமும் ஆட்டோக்காரர்களிடம் கெஞ்சுகிற பெங்களூர்க்காரன் வாயிலிருந்து வேறு என்ன வரும்? துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "பரல்லா சார்!" என்றேன்.

தீர்ந்தது கதை!

முருகேஷுக்கு முகமெல்லாம் பிரகாசம். "ஏன் குரு வர மாட்டே?"

"மளெ பர்த்தா இதே. ரேட்டு ஒன் அண்ட் ஹாஃப் ஆகும்."

"அரே, மேல போய்ட்டுத் திரும்பவும் உங்க வண்டியிலதானே வரப்போறோம்? அதைப் பார்த்துச் சொல்லுங்க" — இது சபீனா.

பேரம் தொடங்கியது. பேரம் வளர்ந்தது. வண்டிக்காரன் பேர் என்ன என்றார்கள். ஏழு தலைமுறை ராஜாக்களுக்குப் பெயர் வைத்திருந்த எனக்கு அந்த நேரத்தில் வாயில் வந்த பெயர் மஞ்சுநாத்! வஜ்ரசேனன் ஆளுகிற ராஜ்யத்தில் மஞ்சுநாத்! இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனுக்கென்று பொம்மை இல்லை. முருகேஷ் பாக்கெட்டைத் துழாவி ஒரு பச்சை பட்டனை எடுத்து மேஜையில் வைத்தார். "இதான் நம்ம மஞ்சுநாத்."

அப்புறம் மஞ்சுநாத்துக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? குதிரைக்குக் கொள்ளு வாங்கிக் கொடுக்கலாமா? மழை விடுகிறவரை அவனோடு உட்கார்ந்து ஒரு டீ சாப்பிடலாமா?

என் கோட்டை சீந்துவாரில்லாமல் நின்றது.

"போதும். கோட்டைக்குள்ள போங்க" என்றேன், கொஞ்சம் காட்டமாக.

"ஏன் அங்கிள் போகணும்?"

"உள்ள ராஜா இருக்காரு. பேய் இருக்கு. சுரங்கம் இருக்கு!"

"இருக்கட்டும் அண்ணா. எங்களுக்கு அங்க என்ன வேலை?" என்றார் முருகேஷ்.

கோட்டையைப் பற்றி எல்லாம் எழுதியிருந்தேன்... இவர்கள் ஏன் அங்கே போக வேண்டும் என்பதைத் தவிர. முருகேஷ் ஃபோனை எடுத்து மணி பார்த்தார். "டீச்சர் இல்லாம கஷ்டம்தான் அண்ணா. விட்டுடலாமா?" என்று மெதுவாகச் சொன்னார்.

அப்போதுதான் ஸ்டெல்லா எழுந்து வந்தார்.

மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். பச்சை பட்டனை இரண்டு விரலால் எடுத்தார். தூக்கி, நிதானமாக, கோட்டைக்குள் வைத்தார். கதவைச் சாத்தினார்.

டக்.



"ஐயோ! மஞ்சுநாத்தைப் புடிச்சிட்டாங்க!" என்று சபீனா அலறினார்.

முருகேஷ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "யார்றா அது, நம்ம ஆளு மேல கை வெச்சது? அண்ணா, கதவை உடைக்கறேன். பகடையைக் குடுங்க!"

பிடித்தது வஜ்ரசேனனின் மூன்றாவது படைப்பிரிவு, அதன் தளபதி யாரென்றால்... என்று நான் ஆரம்பித்தேன். ஸ்டெல்லா உதட்டின் மேல் விரலை வைத்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எப்படி அடங்குவார்கள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல? சுரங்கத்துக்குள் இறங்கியதும் ஸ்டெல்லா போய் விசிறியை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். நிஜமாகவே வேர்த்தது, நிஜமாகவே மூச்சு முட்டியது. காவலர்கள் வருகிறார்கள் என்பதற்கு மேஜைக்கு அடியில் விரல் கணுவால் தட்டினார். தூரத்தில்... கிட்டத்தில்... இன்னும் கிட்டத்தில்.

"உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா டீச்சர்?" என்று சபீனா கிசுகிசுத்தார்.

ஸ்டெல்லா தலையாட்டவில்லை. சபீனாவின் தோளுக்குப் பின்னால் மட்டும் பார்த்தார். பேங்கில் கஸ்டமர்களைக் கதிகலங்க வைக்கிற அந்தப் பெண், விவேக் நகர் ஹாலில், சொந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெலவெலத்துத் திரும்பிப் பார்த்தார்.

என் பேயின் முன்கதையை ஒருவரும் கேட்கவில்லை. தேவையே இருக்கவில்லை.

நாமெல்லாம் ப்ரிபரேஷன் என்றால் என்ன செய்கிறோம்? நாம் என்ன பேசப் போகிறோம் என்று யோசிக்கிறோம். பிரசன்டேஷனுக்கு ஸ்லைடு மேல் ஸ்லைடு, மைக் பிடிக்கப் பக்கம் பக்கமாகக் குறிப்பு. எதிரே உட்காரப் போகிறவர்களைப் பற்றி யார் யோசிக்கிறோம்? பஸ்ஸில் வரும்போது ஸ்டெல்லா யோசித்ததெல்லாம் அதைத்தான். முருகேஷ் யாரோடு சிநேகம் பிடிப்பார், யாருக்காகச் சண்டைக்குப் போவார் என்று அவருக்குத் தெரியும். அது தெரிந்தவருக்கு ஒரு பட்டன் போதும். தெரியாத எனக்கு ஏழு தலைமுறை பத்தவில்லை.

மஞ்சுநாத்தை மீட்டு, கோட்டையை விட்டு வெளியே வந்தபோது முருகேஷ் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"டீச்சர், இத்தனை நாள்ல இதான் டாப். பேசாமயே பண்ணுங்க. அடுத்த வாரம் உண்டுதானே?"

ஸ்டெல்லா டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. ஆனால் தலை பலமாகவே ஆடியது — உண்டு, உண்டு.

நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஸ்டெல்லா எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார். 'சார், நிறைய உழைச்சிருக்கீங்க. பெயின்ட் ரொம்ப நீட்டா இருந்துச்சு.'

பதில் எல்லாம் தப்பாக எழுதின பையனுக்கு, பேப்பர் ஓரத்தில் 'கையெழுத்து அழகு' என்று போடுவார்களே... அது!